காலி வீட்டில் காயும் துணி

இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்குச் சாவியக்கா என்றே பேர். மேல்மாடிகளில் பாதி வீடுகள் காலி. விலை ஏறட்டும் என்று வாங்கிப் பூட்டியவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். அவற்றைத் திறந்து, தூசு தட்டி, குழாயைத் திறந்துவிட்டுப் பூட்டுவது அவள் வேலை. ஊரில் ஒண்ட இடமில்லாமல் சனம் அல்லாட, காலி அறைகளுக்குக் காற்றோட்டம் காட்ட ஓர் ஆள். நல்ல கூத்துதான்.

அவளும் அல்லாடுகிறவள்தான். குடியிருந்த வீட்டை அதன் உரிமையாளர் விற்றுவிட்டதால், கணவனோடும் மகளோடும் கொழுந்தன் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டாள். கூடத்தில் ஈரத்துணியைப் பார்த்தால் மட்டும் முகம் சுண்டிப்போகும்.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இனி தனி வரி. வீடுகள் வாடகைக்கு வரும், வாடகை இறங்கும், சுவருக்குள் முடங்கிய பணம் நாட்டில் புழங்கும் என்று செய்தியில் சொன்னார்கள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவளுக்கு. மறுநாளே குடியிருப்பு மேலாளரிடம் போனாள்.

"சார், ஏழாவது மாடியில அந்தச் சின்ன வீட்ட எங்களுக்கு வாடகைக்குக் கேட்டுப் பாருங்களேன்."

"ஆள வச்சா அப்புறம் கிளப்புறது கஷ்டம்னு ஓனருங்க பயப்படுறாங்கம்மா. நீ ஒண்ணு பண்ணு. சாயங்காலம் அங்க லைட்டப் போட்டு வை, ஆள் இருக்கிற மாதிரித் தெரியட்டும். தண்ணி மீட்டர் ஓடட்டும். பால்கனியில நாலு துணியக் காயப்போடு. சம்பளம் கூட்டித் தரச் சொல்றேன்."

"யாரு துணிய சார்?"

"உங்க வீட்டுத் துணிதான். வேற யாரு துணிய?"

செய்தாள். சம்பளத்துக்காக மட்டுமில்லை, ஓரகத்தி முகத்தைப் பார்க்காமல் துணி உலர்த்த ஓரிடம் கிடைத்ததே. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்பதும் தெரிந்துதான் இருந்தது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். வாசலில் நின்றபடியே பால்கனியைப் பார்த்தார். கொடியில் மகளின் பள்ளிச் சீருடை, கணவனின் சட்டை.

"இங்க யாரும்மா குடியிருக்கா?"

யாருமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரி விழும். வீடு ஒருவேளை வாடகைக்கு வரலாம். வேலை நிச்சயம் போகும்.

"நாங்கதாங்க. நான், எங்க வீட்டுக்காரர், பொண்ணு."

"ரொம்ப சந்தோஷம்மா. உங்கள மாதிரிக் குடும்பத்துக்காகத்தான் இந்தச் சட்டமே போட்டாங்க," என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார் அதிகாரி.

துணி இன்னும் முழுக்கக் காயவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக் கிளம்பினாள்.