ஏழாம் குழிப் பீடம்

அந்த அருங்காட்சியகக் காவலாளிக்கு இருபத்தாறு வருட வேலையில் ஒரே ஓர் ஆசைதான் மிச்சம்: உட்கார வேண்டும். வலது முழங்கால் எப்போதோ கைவிரித்துவிட்டது. இடிந்த பழைய நகரத்தை வெயிலில் சுற்றிவிட்டு வருகிறவர்கள்கூட உள்ளே நுழைந்ததும் சுவரில் சாய்ந்துகொள்வார்கள். அவருக்கு அதற்கும் அனுமதி இல்லை. நாற்காலி கேட்டு அவர் எழுதிய மனுக்களை அடுக்கினால், அவற்றின்மேலேயே உட்காரலாம்.

வீட்டுக்குச் சலவை இயந்திரம் வந்தது. வேலையற்றுப்போன துவைக்கிற கல்லைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, அருங்காட்சியக வாசலோரம் போட்டுக்கொண்டார். ஆறு வருடம் மகாராஜாவாக உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் வந்தார் புதிய காப்பாட்சியர். கண்ணில் பட்டதற்கெல்லாம் எண் போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கல்லைத் தடவிப் பார்த்து, "இது எந்த அகழாய்வுக் குழியில கிடைச்சது?" என்றார்.

வீட்டுச் சாமானை உள்ளே கொண்டுவந்ததாக வேலைக்கே உலை வைத்துவிடுவாரோ என்று வெலவெலத்துப்போன காவலாளி, "ஏழாம் குழி, சார்" என்று உளறிவிட்டார். மறுவாரமே கல் மேடை ஏறியது. சுற்றிலும் கயிறு. 'அரசன் அமர்ந்த பீடம்' என்று பலகை. யாரும் அதில் உட்காராமல் பார்த்துக்கொள்வது காவலாளியின் பொறுப்பு. எட்டு மாதம் பக்கத்திலேயே நின்றார்.

ஒருநாள், அவர் மறந்துவிட்டு வந்த முழங்கால் பட்டையை எடுத்துக்கொண்டு மனைவி வந்தாள்.

"என்னங்க, இது நம்ம கல்லுதானே? இந்த மூலை உங்க போர்வையைத் துவைச்சப்ப உடைஞ்சது!"

அவர் கண்ணைக் காட்டினார். கண்ணைக் காட்டினால் நிறுத்துகிற ஆளா அவள்? சத்தம் கேட்டு வந்த காப்பாட்சியரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். காவலாளிக்கு உயிர் போய் வந்தது.

காப்பாட்சியர் தலையைச் சொறிந்தார். பதிவேட்டில் ஏறியதை இறக்க வழி கிடையாது, பலகையை மாற்றலாம். 'அரசி துணி துவைத்த கல்' என்று எழுதச் சொன்னார். பிறகு பணிவோடு, "அம்மா, இதுல துவைச்ச அனுபவம் உங்களுக்குத்தான் இருக்கு. வர்றவங்களுக்கு நீங்கதான் விளக்கணும்" என்றார். நிபுணருக்கென்று மெத்தை வைத்த நாற்காலி பத்தே நிமிடத்தில் வந்தது.

காவலாளிக்கு வயிறு எரிந்தது. இருபத்தாறு வருடம்!

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள். "உக்காருங்க."

"ஐயோ, அது நிபுணருக்கு."

"நிபுணர்தான் சொல்றேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவள் கயிற்றோரம் போய் அவர் இடத்தில் நின்றுகொண்டாள். கல்லைத் தொடப்போன ஒருவரைப் பார்த்து அதட்டினாள்:

"கையை எடுங்க! அது ராணியோட கல்லு."