கோட்டைத் தலைவரின் வாய்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மெஷின் என் கண் முன்னால் செய்ததைத்தான் எழுதுகிறேன். போன மாசி மாதம், வெள்ளிக்கிழமை, மாலை 5.40. வெளியே நல்ல வெளிச்சம்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி... பதினாறு வருடமாக இந்த வட்டாரத்து முகங்கள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகின்றன. செத்தவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமில்லை. செத்தவரைக் காட்டிப் பிழைக்கிறவன் முகம்தான் பார்க்கச் சகிக்காது.

பிரேம்நாத் அந்த வகை. சாலவாக்கம் பக்கத்தில் ஏரியை ஒட்டிய நிலத்தை வளைத்து மனை போட்டு விற்கிறவர். மனை போணியாக ஒரு சரித்திரம் தேவைப்பட்டது. ஏரிக்கரையில் சாய்ந்து கிடந்த ஒரு கல்லைக் கழுவி மாலை போட்டார். 1616-இல் செத்துப்போன வீரராகவப்பர் என்ற கோட்டைத் தலைவரின் கல்லாம் அது. போரில் வீரமரணமாம். இவர் அந்த வம்சமாம். உண்மையில் கல்லில் பெயரையும் ஆண்டையும் மட்டும் யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். மீதி வரிகளைப் படித்துப் பார்க்க இவருக்கு அக்கறையில்லை. நினைவு நாள் விழாவுக்கு இருபது அடி பேனர் வேண்டும் என்று வந்து நின்றார்.

தலைவர் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"நீயே ஒண்ணு போடுப்பா. மீசைய பெருசா வை. எவன் பாத்துக்கினு இருந்தான்?"

கம்ப்யூட்டரில் ஒரு முகத்தை உருவாக்கினேன். தலைப்பாகை, கடுக்கன், முறுக்கிய மீசை, இறுக மூடிய வாய். தெருக்கூத்துக்குக்கூட ஆகாத மூஞ்சி. இவருக்கு இது போதும் என்று பிரிண்ட் கொடுத்தேன்.

5.52. முகம் வந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

திரையைப் பார்த்தேன். அதில் மூடித்தான் இருந்தது. மை கசிந்திருக்கும் என்று மெஷினில் மை தெளிக்கிற ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

6.10. இப்போது வாய் அகலத் திறந்திருந்தது. உள்ளே கன்னங்கரேல் என்று இருந்தது. பல் தெரியவில்லை.

மை நாற்றம் எனக்குப் பழக்கம். அப்போது வந்தது அது இல்லை... வற்றிய ஏரியின் சேற்று நாற்றம்.

கண்களை அப்போதுதான் கவனித்தேன். நான் வைத்தது மிடுக்கான பார்வை. இது கெஞ்சுகிற பார்வை.

சீ என்று இருந்தது. மெஷினை நிறுத்தினேன். பிளக்கையும் பிடுங்கினேன்.

6.17.

சர்க்... சர்க்... சர்க்...

ஹெட் நகர்ந்தது.

கோடு கோடாக வந்தது. முகம் இல்லை.

வாய் மட்டும்.

பக்கத்தில் இன்னொரு வாய்...

ஷட்டரைக்கூட இறக்காமல் ஓடினேன்.

மறுநாள் காலை டீக்கடைக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ரோல் முழுக்க வெள்ளை. ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் மை டப்பாக்களில் கருப்பு மட்டும் காலி.

அந்தக் கல்லைப் போட்டோ எடுத்து ஞானசுந்தரி மேடத்துக்கு அனுப்பினேன். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர், பழைய எழுத்து படிப்பார். இரண்டு நாள் கழித்து போன் செய்து, கல்லின் மீதி வரிகளைச் சொன்னார்.

படை முற்றுகையிட வந்தபோது வீரராகவப்பர் கோட்டைக் கதவை உள்ளிருந்து அடைத்துக்கொண்டாராம். அடைக்கலம் தேடி ஓடி வந்த ஊர் ஜனத்தில் நாற்பத்தொரு பேர் கதவுக்கு வெளியே செத்தார்கள். படை போனபின், மிஞ்சியவர்கள் அவரை ஏரிக்கு இழுத்துப் போய், வாயில் சேற்றை அடைத்துக் கொன்றிருக்கிறார்கள்.

"இது கும்பிடற கல்லு இல்ல. போறவங்க வர்றவங்க துப்பணும்னு நட்ட கல்லு," என்றார் மேடம்.

பிரேம்நாத்திடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். கல் சொல்வதைக் கேட்டு எவனும் மனை வாங்குவதில்லை என்றார். என் படமும் வேண்டாமாம். வாடகைத் தலைப்பாகையும் கத்தியுமாக அவரே நின்று போட்டோ எடுத்து, அதையே தலைவர் என்று போடப் போகிறாராம். பேனரைக் காஞ்சிபுரத்தில் அடித்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கென்ன?

செவ்வாய்க்கிழமை, மாலை 4.25. காஞ்சிபுரத்தில் பேனர் கடை வைத்திருக்கும் டேனியல் போன் செய்தான். தொழிலில் பழக்கம். நடந்தது எதையும் அவனிடம் நான் சொன்னதில்லை.

"அண்ணா, பிரேம்நாத் சார் போட்டோவ மூணு வாட்டி போட்டுட்டேன். வாய் மட்டும் தொறந்துக்கினே வருது. உள்ள இன்னாவோ கருப்பா கீது. மெஷின்ல இன்னா கோளாறா இருக்கும்?"

அந்தப் பக்கம் யாரோ விடாமல் இருமுகிற சத்தம் கேட்டது. யார் என்று கேட்டேன்.

"சார்தான். இங்கியே குந்திக்கினு கீறாரு. தண்ணி, தண்ணின்றாரு. குடுத்தா... உள்ள எறங்கலையாம்."