ரோஜா வாளிக்குக் காவல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்கு வந்தவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டின் கீழே விசைத்தறி ஓடுகிறது. மாடியில் என் மனைவி பழைய பெயின்ட் வாளிகளில் செடி வைத்திருக்கிறாள். ஆனி மாதம் ரோஜா நின்ற வாளியில் ஒரு தவிட்டுப்புறா நாலு குச்சியை இழுத்துப்போட்டு இரண்டு முட்டை இட்டது. கீழே தறி தடதடக்க, அது அசையாமல் அடைகாத்தது. அந்த வாளிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றேன்.

“அப்ப எம் ரோசா?” என்றாள்.

“கருகுனா வேற வாங்கித் தாரேன்.”

நான் அவளிடம் அப்படி அடித்துப் பேசியதே கிடையாது.

ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. தறி நின்றது. மாடியில் சிறகடிக்கும் சத்தம் கேட்டு ஓடினேன். காக்கை ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தறி ஓடும்போது காக்கை எங்கள் மாடியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சத்தம்தான் காவல் என்று அப்போதுதான் புரிந்தது.

மிச்ச முட்டை பொரிந்தது. குஞ்சுக்கு இறகு முளைக்கும் நேரம் எங்கள் ஊர் அம்மன் கோவில் திருவிழாவான ஆடித்தபசு வந்தது. தபசுக்குத் தறி லீவு. தாய் இரைக்குப் போனால் குஞ்சு தனியாகக் கிடக்கும். காலையிலேயே கைப்பிடிச் சுவரில் காக்கைகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

நாலு பேர் பார்க்கிற இடத்தில் நிற்கவே கூச்சப்படுகிறவன் நான். தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம். ஆனாலும் தகர டின்னைக் கவிழ்த்துவைத்து, தறியில் நூல் ஓட்டும் பழைய நாடாக்கட்டையால் தறித் தாளத்திலேயே தட்டத் தொடங்கினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, தபசுக்குக்கூட தறிக்கு லீவு விடலியா?”

தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். காது சுட்டது. தட்டுவதை நிறுத்தவில்லை.

விளைந்ததில் கொஞ்சம் அம்மன் முன்னால் வீசுவதற்காக, மச்சினன் பனவடலிசத்திரத்திலிருந்து பருத்தியும் வத்தலும் கொண்டுவந்திருந்தான். வருடாவருடம் சேர்ந்துதான் போவோம்.

“ஊரே அங்கன திரண்டு நிக்கி. நீங்க இங்கன தகரத்தத் தட்டிக்கிட்டு இருக்கிய! வாங்க அத்தான், காக்காவும் தபசு பாக்கத்தான் போயிருக்கும்.”

“அதுக்கு ஏது லீவு? நீங்க போங்க. நான் வரல.”

எல்லாரும் போனார்கள். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மனைவி மட்டும் திரும்பி, நேரே மாடிக்கு வந்தாள்.

“நான் கும்பிட்டாச்சு. நீங்க போயிட்டு வாங்க. கட்டையக் குடுங்க.”

“தாளம் தப்பக் கூடாது.”

“தறிக்காரன் பொண்டாட்டிக்கே தாளம் சொல்லித் தாரியளோ?”

தெருமுனை வரைக்கும் டின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் தறி ஓடியது. அந்த வாரத்திலேயே குஞ்சு பறந்துவிட்டது. நான் கீழே வேலையில் நின்றதால் பார்க்கவில்லை. ரோஜா கருகித்தான் போனது. சொன்னபடி புதுச்செடி வாங்கி வேறு வாளியில் நட்டேன். பழைய வாளியை மட்டும் யாரையும் அசைக்க விடவில்லை. இன்று காலை அதில் மறுபடி ஒரு குச்சி கிடந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆவணி பத்தாம் தேதி.