மேலே போன கதவு

எங்கள் ஆஸ்பத்திரி முற்றத்தில் என் அக்காவின் கணவர் ஒரு மூங்கில் ஏணியை வேண்டுமென்றே வழுக்கி விழச் செய்த காலை நேரம் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஏணியைச் சுவரோடு சுவராக நிமிர்த்திச் சாத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் அடியைக் கால் விரலால் மெல்லத் தன் பக்கம் இழுத்தார். மருந்துக்கு வரிசையில் நின்ற பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். ஏணியின் கால் தரையோடு ஓட, தலை சுவரை உரசிக்கொண்டே நேராக இறங்கிப் படாரென்று படுத்தது. அவர் அதைத் தூக்கி மறுபடி சாத்தினார். மூன்று முறை இப்படி நடந்தது. மூன்றாவது முறை ஏணி விழுந்ததும் சின்னப் பிள்ளைபோலக் கையைத் தட்டினார். "பாத்தியாம்மா? அதோட தல செவுத்த உட்டு ஒரு வெரக்கட வெளிய வந்துச்சா? இதத்தான் நான் தலகீழா பண்ணப் போறேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நானும் கையைத் தட்டிவிட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடியப்போகும் சமயம் அது. திண்டிவனத்தில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். இருபத்திரண்டு வயது. காணை என்ற கிராமத்துப் பக்கம் மற்றவர்களுடைய கரும்புக் கொல்லையில் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டிலிருந்து படித்து வேலைக்கு வந்த முதல் பெண். அக்காவைக் கட்டிய மாமா விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் ஃபிட்டர். கேபினில் ஒருவர் நெம்புகோலை இழுத்தால் அரை மைலுக்கு அப்பால் கைகாட்டி இறங்குகிறதே, அதற்கு நடுவில் கம்பியும் சக்கரங்களும் பாரக் கட்டைகளும் செய்கிற வேலைதான் மாமாவின் உலகம். தண்டவாளத்தை ஒட்டி நடந்துகொண்டே கம்பியைக் காலால் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே எங்கே தொய்வு என்று சொல்லிவிடுவார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாதான் எல்லாம். ஐந்தடிகூட இருக்கமாட்டார். டிரைவர் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்ட பிறகு, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டு அவரே கார் ஓட்டினார். கார் நின்ற கொட்டகை முன்பு குதிரை வண்டிக்காகக் கட்டியது. காரை நிறுத்தினால் அதன் மூக்குக்கும் கதவுக்கும் நடுவில் ஒன்றரை முழம்தான் மிஞ்சும். அதனால் கதவு உள்பக்கம் திறக்க வழியில்லை. தேக்கில் செய்த இரண்டு பெரிய கதவுகளும் தெருப்பக்கம்தான் திறக்கும். தெருவோ வருஷத்துக்கு வருஷம் மண்ணடித்து மேடாகிக்கொண்டே போயிற்று. ஒரு நல்ல மழை பெய்தால் போதும், மேட்டுச் சேறெல்லாம் வழிந்து வந்து கதவடியில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிடும். காரின் சக்கரம் அந்தச் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய்விடும். கதவால் அதைத் தள்ள முடியாது. மண்வெட்டியால் வெட்டிப் போட்ட பிறகுதான் திறக்கும்.

அப்படி வெட்டிக்கொண்டிருந்த ஒரு நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து ஓர் இளைஞன் ஓடிவந்திருந்தான். மனைவிக்கு இரண்டு நாளாக வலி. எங்களிடம் இருந்தது ஒரே மண்வெட்டி. தோட்டக்காரர் அதில் வெட்ட, அவன் மண்டியிட்டு இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி வீசினான். நானும் அள்ளினேன். அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாயைக் காப்பாற்ற முடிந்தது. குழந்தை சற்று முன்தான் போயிருந்தது. உடம்பில் சூடு இருந்தது. அந்த இளைஞன் நகக்கண்ணில் சேறு காய்ந்திருந்த கையைக் கூப்பினான். திரும்பி வந்ததும் டாக்டரம்மா கொட்டகை முன்னால் காரை நிறுத்திவிட்டு அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "இந்தக் கதவு இனிமே இங்க இருக்கக் கூடாது" என்றார்.

கதவையே எடுத்துவிடலாம் என்றால், பெட்ரோலுக்குப் பேயாய் அலைந்த காலம் அது. திறந்த கொட்டகையில் ராத்திரி கார் நின்றால் காலையில் டாங்கி காலியாக இருக்கும். தச்சர் ஒருவர் வந்து, மேலே கீல் வைத்துப் பெட்டி மூடிபோலத் தூக்கிவிடலாம் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த மாமாவிடம் நான் இதைச் சொன்னேன். அவர் உடனே இல்லை என்று தலையாட்டினார். "அது ஆவாதும்மா. மேல கீல் வெச்சாலும் அடி வெளிய தள்ளித்தான மேல ஏறணும்? அங்கதான சேறு கெடக்குது? அடி நேரா மேல ஏறணும். தல உள்ள போவணும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கண் முற்றத்துச் சுவரில் சாத்தியிருந்த ஏணிக்குப் போயிற்று.

அவர் நினைத்தது இதுதான். இரண்டு கதவையும் சட்டம் போட்டு ஒரே பலகையாக்கிவிட வேண்டும். வாசலின் இரண்டு பக்கமும் நேர் நிமிர்வாக ஓர் இரும்புத் தடம். கூரைக்குக் கீழே, தெருவிலிருந்து உள்ளே போகிற மாதிரி இன்னும் இரண்டு தடம். கதவின் அடி மூலைகளில் உருளும் சக்கரம் நிமிர்ந்த தடத்தில் ஏறும். தலை மூலைகளில் இருப்பது கூரைத் தடத்தில் உள்ளே ஓடும். ஏணி விழுந்ததே, அதைத் தலைகீழாகப் பார்த்தால் இதுதான். கதவின் எந்தப் பாகமும் தெருவுக்கு வராது. அடி மூலைகளில் கட்டிய கம்பி வடம் மேலே போய், ஒரு கப்பியில் வளைந்து, மறுபுறம் பாரத்தோடு தொங்கும். கதவு ஏறினால் பாரம் இறங்கும்.

டாக்டரம்மா கேட்டார்: "அவ்வளவு கனமான கதவுக்கு அவ்வளவு கனமா பாரம் வேணுமா?"

"அதான் டாக்டரம்மா விசேசமே!" மாமாவின் குரல் உயர்ந்துவிட்டது. "பாதி இருந்தா போதுங்க. மறுபாதிய மேல இருக்கிற தடம் சொமக்குது. மொத அங்குலத்துலேருந்து கடைசி அங்குலம் வரைக்கும் அதே பாதிதான். கூடவும் வாணாம், கொறையவும் வாணாம். நானே நேத்து ராத்திரி பூரா யோசிச்சு அசந்துட்டேங்க."

கயிறு வேண்டாம், நனைந்தால் நீளும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். யுத்தக் காலத்தில் புதுக் கம்பி வடத்துக்கு எங்கே போவது? விழுப்புரத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில், ரயில்வே ஏலத்தில் கழித்துவிட்ட சிக்னல் கம்பியும் நான்கு சக்கரங்களும் கிடைத்தன. கம்பியைப் புரி புரியாக முறுக்கி அவரே வடமாக்கினார். சிக்னல் ஃபிட்டர் கையில் சிக்னல் கம்பியைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். கடைக்காரர் எழுதிக்கொடுத்த சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். கேட்காதவர்களிடமும் எடுத்துக் காட்டினார்.

நான்கு நாள் லீவு போட்டு வந்து வேலையைத் தொடங்கினார். தச்சர் கதவைச் சேர்த்தார். தடம், கப்பி, வடம் எல்லாம் மாமா. பாரத்துக்கு இரண்டு எண்ணெய் டின்கள். கடைசியில் மணலும் இரும்புத் துண்டும் போட்டு நிறைத்துச் சரிபார்ப்பதாக ஏற்பாடு. நான்காம் நாள் பொழுது சாயும்போது கதவு தன் இடத்தில் நின்றது. டின் நிரப்புவதுதான் பாக்கி. "காலைல ரெண்டு தபா ஏத்தி எறக்கிப் பாத்துட்டு பதினொரு மணி வண்டிக்குப் போயிடுறேன். ரெண்டு மணிக்கு டியூட்டி" என்றார்.

அன்றிரவு மழை பிடித்துக்கொண்டது. காலையில் தெருவெல்லாம் சேறு, கதவடியில் முழங்கால் குவியல். ஏழரை மணிக்கு மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து விழுந்தார். விடியுமுன் கிளம்பியவர். உடம்பெல்லாம் மழை. "கொயந்த கை வெளிய வந்துருச்சும்மா" என்று மட்டும் சொல்லி அழுதார்.

கை முன்னால் வந்தால் குழந்தை குறுக்கே கிடக்கிறது, திருப்பாமல் பிறக்காது என்று எங்களுக்குத் தெரியும். கொட்டகைக்குள் கம்பவுண்டு பக்கத்துச் சின்னக் கதவு வழியாக ஓடினோம். மாமா ஏற்கெனவே டின்னில் மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: பழைய கதவாக இருந்தால் சேற்றை வெட்டியாவது திறக்கலாம். இது வெளியே திறக்கவே திறக்காது. மேலே போகவில்லையென்றால் கார் சிறையில்.

வடம் விறைத்தது. கதவு ஒரு நடுக்கம் நடுங்கியது. அசையவில்லை. மாமா இன்னும் இரும்பு போட்டார். நானும் இரண்டு கையாலும் மணல் போட்டேன். வடம் தொட்டால் பாடும்போல இறுகி நின்றது. கதவு சிலையாக நின்றது. மாமா அடியில் கை கொடுத்துத் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. "எல்லாம் சரியாத்தான் கீது... ஏன் வரமாட்டேங்குதுன்னு தெரியலையே..." அவருடைய உதடு வெளுத்துவிட்டது. சைக்கிளில் வந்தவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

டாக்டரம்மா மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் கதவை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு, வார்டில் கேட்பதுபோல நிதானமாக என்னைக் கேட்டார்: "நர்ஸ், குழந்தை தலை குனியாம வெறைச்சிக்கிட்டு நின்னா என்ன ஆகும்?"

"சிக்கிக்கும் டாக்டர். எவ்வளவு முக்கினாலும் வராது."

"குனிஞ்சிட்டா?"

"வந்துடும்."

"அவர் கீழேயிருந்து முக்கறார். மேல தலை நிமிந்தே நிக்குது. முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்துட்டு வா."

நான் பறந்தேன். அந்த நீளமான கொக்கிக் கம்பை டாக்டரம்மாவே வாங்கினார். காரின் பக்கத்தில் நின்று, கதவின் மேல் சட்டத்தில் கொக்கியை மாட்டி, உள்பக்கமாக ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். ஒரு சாண் வந்திருக்கும். அவ்வளவுதான்! சக்கரங்கள் கடகடவென்று அலறின, நாங்கள் அளவுக்கு மேல் நிரப்பியிருந்த டின்கள் இரண்டும் தடதடவென்று இறங்கின, கதவு சேற்றிலிருந்து நேராகப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறி, எங்கள் தலைக்கு மேலே கூரையை ஒட்டிப் போய்ப் படுத்துக்கொண்டது. மழை வெளிச்சம் கொட்டகைக்குள் கொட்டியது. மாமா ஓவென்று கத்தினார். நானும் கத்தினேன். சைக்கிள்காரர் எதுவும் புரியாமல் எங்களோடு சேர்ந்து கத்தினார். "ஜல்தி! ஜல்தி ஏறுங்க!" என்று மாமா காரின் பின்புறத்துக்கு ஓடினார். சேற்றைக் கிழித்துக்கொண்டு கார் தெருவில் ஏறும்வரை தள்ளினார். பிறகு, போன வேகத்தில் அவரும் மிதிபலகையில் தொத்திக்கொண்டார். பதினொரு மணி வண்டி யாருடைய நினைவிலும் இல்லை.

மூன்று இடத்தில் சேறு எங்களைப் பிடித்தது. மூன்று முறையும் மாமா இறங்கித் தள்ளினார். உப்பளத்துக் கரையில் காரை விட்டுவிட்டுக் குப்பத்துக்கு நடந்தோம். டாக்டரம்மா கையை நுழைத்துக் குழந்தையைத் திருப்பினார். காலைப் பிடித்து இழுத்தபோது குழந்தை நீலமாக இருந்தது. முதுகைத் தேய்த்தோம், ஊதினோம். பிறகு அது அழுதது. அப்படிப்பட்ட கோபமான அழுகையை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. வெளியே மழையில் நின்ற மீனவர்களின் நடுவிலிருந்து மாமாவின் குரல்தான் முதலில் வந்தது: "வந்துருச்சுடா!"

மறுநாள் முதல் வண்டியில் விழுப்புரம் போனார். டியூட்டிக்கு வராததற்கு மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். மாமாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். கதவு, தடம், தொரட்டி எல்லாம் அந்த மொழியில் எழுத வராது. "அவசரப் பிரசவம். கஷ்டமான கேஸ். பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்" என்று நான்கு வரி எழுதி நீட்டினார். படித்துவிட்டு அதிகாரி எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். மாமாவுக்கு விஷயம் புரிவதற்குள் கேபின்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அக்காவுக்கும் மாமாவுக்கும் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். குழந்தை இல்லை. அது அங்கே எல்லாருக்கும் தெரியும். "அப்பாடா, கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாரு" என்று ஒரு பாயின்ட்ஸ்மேன் அழுதே விட்டாராம். மாமா வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. கற்கண்டு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் பயந்துகொண்டே சொன்னார். அக்கா அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாளாம். பிறகு, "பேரு இன்னா வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

"கேக்கலியே."

"பெத்தவன் மாதிரி கல்கண்டு குடுத்துக்கினு வந்தீங்களே, பேரு கேக்காம வருவாங்களா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அந்தக் குப்பத்துக்குப் போனார்கள். பெயர் இன்னும் வைக்கவில்லை. தாய் எழுந்து உட்கார்ந்து, குழந்தையை அக்காவின் மடியில் வைத்து, "நீங்களே வெச்சிட்டுப் போங்கக்கா" என்றாள்.

இன்று சென்னையில் என் பேரன் ஒரு பொத்தானை அழுத்துகிறான். கார் கொட்டகைக் கதவு முணுமுணுத்துக்கொண்டு தானாக ஏறுகிறது. அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாமா முன்பே காலமாகிவிட்டார். அக்கா போன வருஷம் போனாள். விழுப்புரத்துக் கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபத்தை முடித்துவிட்டு, சொந்தப் பிள்ளைகள் யாராவது வந்து முதல் பிடி மண்ணைப் போடலாம் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலை நரைத்த ஒரு மீனவப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். யாரையும் கேட்கவில்லை. குனிந்து மண்ணை எடுத்தாள்.