எண்ணெய் ஆகாது என்ற கோமதி மாமி

என் மகன் ஆபீஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் வந்து நின்றான். "அம்மா, கரமனை மாமி போயிட்டா" என்றான். கரமனை மாமி என்றால் எங்கள் சம்பந்தி கோமதியம்மாள். என் மருமகள் தங்கத்தைப் பெற்றவள். "எப்போ?" என்று கேட்டேன். விடியற்காலையில் என்றான். "விடிகாலம் போனவளுக்கு இப்பத்தான் ஆள் அனுப்பத் தோணித்தா?" என்று என் வாய் கேட்டது. செத்தவளைப் பற்றி நான் சொன்ன முதல் வார்த்தை அது. மகன் கொடியிலிருந்து வேஷ்டியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

திருவனந்தபுரத்தில் வலியசாலையிலும் கரமனையிலும் அவளை அறியாதவர்கள் கிடையாது. இன்றைக்குப் பதிமூன்றாம் நாள் கூடியிருக்கிற நீங்கள், அவள் கைப்பாங்கு, அவள் பொறுமை என்று ஆளுக்கொன்றாகச் சொல்கிறீர்கள். எல்லாம் சரிதான். அவளிடம் பல வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவள் நான் ஒருத்திதான். ஆகவே நான் சொல்ல வேண்டியது வேறு.

எங்கள் பேத்தி விசாலத்துக்கு அப்போது நாலு வயசு. தங்கம் இரண்டாவது பிரசவத்துக்குக் கரமனை போனபோது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டிலேயே தேங்காயெண்ணெயில் சோப்புக் காய்ச்சுகிற மோகம் அந்தச் சமயத்தில் தெருவெல்லாம் பரவிக் கிடந்தது. கோமதி காஸ்டிக் சோடாவைக் கரைத்துப் பீங்கான் கோப்பையில் ஆற வைத்துவிட்டு, எண்ணெய் எடுக்க உள்ளே போயிருக்கிறாள். குழந்தை இளநீர் என்று நினைத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டது. உயிர் பிழைத்தது. ஆனால் தொண்டைக்குக் கீழே வெந்து, ஆறும்போது சுருங்கி, எச்சில்கூட இறங்காமல் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டு, சிவப்பு ரப்பர்க் குழாய் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். தொண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கும்வரை கஞ்சியும் பாலும் அந்த வழியாகத்தான்.

குழந்தையை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். "இனிமே அந்தாத்துக்கு அனுப்ப மாட்டேன்" என்று தெரு கேட்கச் சொன்னேன். மறுநாள் காலையில் கோமதி வந்து வாசலில் நின்றாள். "மாமி, குழாயைப் பாத்துக்க நர்ஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கா. நான் வந்து செஞ்சுட்டுப் போறேன். வேற ஒண்ணுக்கும் வரலை." நான் வழிவிட்டேன். வா என்று சொல்லவில்லை.

அன்றுமுதல் மழையானாலும் வெயிலானாலும் நடந்தே வருவாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். ஆனால் நேரே புண்ணுக்குப் போக மாட்டாள். குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்து முகத்தையே பார்ப்பாள். "புண்ணை அப்பறம் பாக்கலாம். ராத்திரி தூங்கினாளா, வலிச்சுதான்னு மூஞ்சியே சொல்லிடும்" என்பாள். பிறகுதான் துணியை எடுப்பாள். கொதித்து ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்து, குழாயை ஒட்டித் தொடங்கி வெளியே வெளியே துடைப்பாள். ஒற்றி ஒற்றி ஈரம் போக்குவாள். கஞ்சி கசிந்து தோல் சிவந்திருந்தால் ஆஸ்பத்திரி வெள்ளைக் களிம்பு. நடுவில் கீறின துணியைக் குழாய்க்கு இரண்டு பக்கமும் கொடுத்து, மேலே பிளாஸ்திரி. அவள் கை பட்டால் குழந்தை அழாது. என் கை பட்டால் அழும். அதுவும் எனக்கு ஒரு கோபம்.

கஞ்சி ஊற்றும்போது அவள் நடத்துகிற கூத்து வேறு. கண்ணாடிப் புனலில் தினமும் அதே கஞ்சிதான். "இப்போ அவியல் போறது, விசாலம்" என்பாள்.

"உப்புக் கம்மி" என்று குழந்தை சொல்லும்.

"அச்சச்சோ! நாளைக்குப் போட்டுடறேன். இப்போ பாயசம், பருப்புப் பிரதமன் வரது, எலை போட்டாச்சா?"

"போட்டாச்சு. பப்படம் எங்கே?"

"குழந்தைக்குப் பொய் சொல்லக் கத்துக் கொடுக்காதேங்கோ" என்று நான் அடுக்களையிலிருந்து சொல்வேன். சிரித்துக்கொண்டிருந்த குழந்தை அடங்கிப் போகும். கோமதியும் அடங்கிப் போவாள். வேலை முடிந்ததும் புனலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவாள். தெருவில் யார் வந்தாலும் காபி கொடுக்கிற நான், அவளை ஒரு நாளும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கண்டிப்பாக இருந்தாள். "எண்ணெய் மாத்திரம் கிட்டக்க வரப்படாது, மாமி. பிளாஸ்திரி ஒட்டாது. ரப்பரும் கெட்டுப்போயிடும். 'எண்ண தொடருது, அம்மே', எண்ணெய் தொடவே கூடாதுன்னு நர்ஸ் ரெண்டு தரம் பறஞ்சா, கேட்டேளா?" கேட்டேன். பெண் குழந்தைக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளி இல்லாமல் எத்தனை மாசம் போவது? தலை சிக்குப் பிடித்து, உடம்பு சூடேறி, குழந்தை சொறிந்துகொண்டே இருந்தது. காரத்தண்ணியை எடுத்து வைத்தவள் எனக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லித் தருகிறாளா என்று மனசு எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வருமுன்னே குழந்தையை மணையில் உட்கார்த்தித் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்தேன். "பாட்டி, இங்கே அரிக்கறது" என்று வயிற்றைக் காட்டிற்று. குழாயைச் சுற்றிச் சிவந்திருந்த இடத்திலும் தடவினேன். "சில்லுனு இருக்கு பாட்டி" என்று சிரித்தது. என் கைக்கு அது சிரித்தது அன்றுதான். வெந்நீர் விட்டுச் செம்பருத்தி இலைத் தாளி தேய்த்துக் குளிப்பாட்டும்போது பிளாஸ்திரி வழுக்கிக்கொண்டு போயிற்று. குழாய் வெளியே வந்து மணையில் விழுந்தது.

குழாய் வெளியே வந்தால் துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும், உடனே கொண்டுவர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எனக்கும்தான் சொல்லியிருந்தார்கள். சுத்தமான துணியை வைத்து மூடிக்கொண்டு குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்தேன். மகன் ஆபீஸ் போய்விட்டான். தங்கம் கைக்குழந்தையோடு நின்று, "ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிண்டு வரட்டுமா?" என்றாள். "தினம் வரவள்தானே, வருவா" என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவும் பயம்; அவளுக்கு ஆள் அனுப்பினால் நான் தோற்றதாகிவிடும் என்று இருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் அன்று அவள் நேரம் கழித்தே வந்தாள்.

வந்தவள் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். தலையில் எண்ணெய்ப் பளபளப்பைப் பார்த்தாள். "தங்கம், வண்டி கூப்பிடு" என்றாள். வில்வண்டியில் போகும்போது பழவங்காடியில் நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் கும்பிடவில்லை. துணியின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை.

துளை பாதி சுருங்கிவிட்டிருந்தது. குழந்தையை உள்ளே கொண்டுபோய், மெல்லிசுக் குழாய் ஒன்றை நுழைத்துப் பார்த்தார்கள். கதவுக்கு வெளியே எங்கள் இரண்டு பேருக்கும் அந்த அலறல் கேட்டது. அது உள்ளே போகவில்லை என்றால் மறுபடி வயிற்றைக் கிழிக்க வேண்டும். குழந்தை தாங்குமா தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோமதி பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"உக்காருங்கோ மாமி. அவளுக்கு நல்லதுன்னுதானே செஞ்சேள். நானும் மனசறிஞ்சு அந்தக் கோப்பையை அங்கே வைக்கலை. இத்தனை நாள் ஒத்தையா அழுதுண்டிருந்தேன். இனிமே ரெண்டு பேருமா அழலாம், வாங்கோ."

குத்திக் காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். நீயும் என்னைப்போலத்தான் என்று சொல்ல இந்த நாளுக்காகவே காத்திருந்தாள் என்று நினைத்தேன். "என்னை உங்களோட சேத்துக்க வேண்டாம்" என்றேன். அவள் நகர்ந்த இடம் அப்படியே காலியாக இருந்தது. நான் உட்காரவில்லை.

குழாய் உள்ளே போயிற்று. பிறகு பெரிய குழாயாக மாற்றினார்கள். மறுநாளும் கோமதி வந்தாள், கை கழுவினாள், முகம் பார்த்தாள், அவியல் போறது என்றாள். எண்ணெய்ப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. தன் பெண்ணிடம்கூட ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்று தங்கம் பிற்பாடு சொன்னாள். தொண்டை விரிந்து, விசாலம் வாயால் ரசஞ்சாதம் சாப்பிட்ட பிறகு குழாயை எடுத்துவிட்டார்கள். துளை தானே மூடிக்கொண்டது. கோமதிக்கு எங்கள் வீட்டில் வேலை இல்லாமல் போயிற்று. அவள் வருவது நின்றது. நான் கூப்பிடவில்லை. விசாலத்தின் கல்யாணத்தில் பந்தலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். போன மாசம் அவள் படுத்துவிட்டாள், தங்கம் கூடவே போய் இருக்கிறாள் என்று தெரிந்தும் கரமனைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

பத்தாம் நாள் போனேன். தங்கம் அழுது வீங்கிய முகத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும், இத்தனை வருஷம் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. "உங்கம்மா மேலே தப்பு இல்லைடி. யார் ஆத்துலயும் நடக்கக்கூடியதுதான்" என்றேன்.

தங்கம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதை ஒரு நாள் அவகிட்டச் சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றாள்.

அவளைப் பற்றி நல்லதாக எவ்வளவோ உங்களிடம் இருக்கிறது. அதில் பங்கு கேட்க எனக்கு வாய் இல்லை. நான் வைத்துக்கொள்ள அவள் கொடுத்தது ஒன்றுதான்: ரெண்டு பேருமா அழலாம் என்று கூப்பிட்டாளே, அந்த அழைப்பு. கூப்பிட்டவள் கடைசிவரை ஒத்தையாகவே அழுதுவிட்டுப் போய்விட்டாள். நான் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன்.