தீமிதிக்கு முதல் நாள் தின்ற இறால் வடை

சுங்கை பெசார் திடலில் வேனை விட்டு இறங்கியதும் முதலில் மூக்கில் ஏறியது, கொதிக்கும் எண்ணெயில் இறால் பொரியும் வாசனை. பள்ளி விடுமுறையில் நடந்த உணவுத் திருவிழா அது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பக்கத்து வீட்டுத் தோழி கௌசல்யாவின் மாமா எங்கள் இருவரையும் எங்கள் ஊரான ஈஜோக்கிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து, நாலு மணிவரை சுற்றிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

ஒரே சங்கடம், எங்கள் வீட்டில் அப்போது "சைவம்". மறுநாள் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் அப்பா தீ மிதிக்கவிருந்தார். அவருக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து எங்கள் அடுப்பில் கருவாடுகூட ஏறவில்லை. வீட்டில் ஒருவர் வாய் தவறினாலும் மிதிப்பவரின் கால் சுட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். "போறது போ, வாய அடக்கிக்கிட்டு வா" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பியிருந்தார்.

கௌசல்யா வீட்டில் விரதம் கிடையாது. ஆனாலும், "நீ சாப்புடலன்னா நானும் சாப்புடல லா" என்று சொல்லிவிட்டாள். சுட்ட சோளம், தேங்காய்ப்பால் ஐஸ் போட்ட செண்டோல், வாழைப்பழத்தை மாவில் பொரித்த "பீசாங் கோரேங்" என்று கூடாரம் கூடாரமாகத் தின்றுகொண்டே போனோம். குச்சியில் இறைச்சி கோத்துச் சத்தே சுடும் புகைக்குள் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அவள் கழிப்பறைக்குப் போன ஐந்து நிமிடத்தில்தான் நான் கெட்டேன். கால் தானாகப் போயிற்று என்று சொன்னால் பொய், நான்தான் இறால் கடைக்குப் போனேன். தலையோடு முழு இறால் பதித்த வடை, நாக்கைச் சுட்டபடியே உள்ளே போனது. விழுங்கிய பிறகுதான் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

திரும்பும்போது வேனில் என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள் கௌசல்யா. "தேவி, இறால் தின்னியா?" என்றாள். நான் அழுதுவிட்டேன். தனக்கும் ஆசை இருந்தும் எனக்காக வாயைக் கட்டியவள், ஒரு வார்த்தை திட்டவில்லை. "அப்பாகிட்ட சொல்லிடு. தெரியாம அவரு பாட்டுக்கு எறங்கிட்டா பாவம் லா" என்றாள்.

மறுநாள், கோயில் குழாயடியில் மஞ்சள் வேட்டியோடு நின்ற அப்பாவிடம் சொன்னேன். "இந்த வருசம் மிதிக்காதீங்கப்பா" என்று கெஞ்சினேன்.  அவர் ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றினார், இன்னொன்றைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லாத" என்றதோடு சரி. மாலையில் வரிசையில் நாலாவதாகத் தீக்குழியில் இறங்கினார். நான் கண்ணை மூடவில்லை. மூடினால் இன்னும் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அவர் ஓடாமல் நடந்து, முடிவில் இருந்த பால் குழியில் கால் வைத்தார்.

அடுத்த நாள் காலை அவருடைய இடது பாதத்தில் இரண்டு கொப்புளங்களைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்துவிட்டார். "இத்தன வருசத்துல இல்லாம, என்னங்க இது?" என்று பதறினார். "குழியில கல்லு கெடந்துச்சு, குத்திருச்சு" என்றார் அப்பா. அத்தனை நாள் விரதம் இருந்த வாயால் சொன்ன பொய் அது. அம்மா உள்ளே போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இறாலு நல்லா இருந்துச்சா?" என்று மெல்லக் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த எஸ்டேட் நிலம் இப்போது வீடமைப்புப் பகுதி. கோயில் சாலையோரத்துக்கு வந்துவிட்டது. குழி வெட்ட இடமில்லாததால் தீமிதி நின்றுபோயிற்று. சுங்கை பெசார் திருவிழாவும் அதன்பின் ஓரிரு ஆண்டுகளோடு சரி. கௌசல்யா ராவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறாள். முறையாக விரதம் இருந்தவர்களுக்கும் சில சமயம் கொப்புளம் வரும் என்று அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். என் மனசுதான் கேட்பதில்லை.

அப்பாவுக்கு இப்போது "இனிப்பு நீர்", சர்க்கரை நோய். கிளினிக்கில் தாதி அவர் பாதங்களைச் சோதிக்கும்போது நான்தான் கூட இருப்பேன். போன மாதம் வந்த புதிய தாதி, "முன்ன எப்பயாச்சும் கால்ல தீக்காயம் பட்டிருக்கா, ஐயா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, பட்டதே இல்ல" என்றார் அப்பா. மறந்திருக்க மாட்டார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.