சிவப்பாக எரிந்த பச்சை

திருத்தங்கலில் எங்கள் பள்ளி வேதியியல் டீச்சர் செல்வலட்சுமி. மற்றவர்கள் விடையை ஒப்பிக்கவைத்தே பிள்ளைகளைப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு அனுப்புவார்கள், மார்க்கும் குவியும். இந்த அம்மாவுக்கு அது ஆகாது. "என்ன வரும் டீச்சர்?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், நீயே செஞ்சு பாரு" என்பார். பக்கத்து வகுப்பில் வரலாறு நடத்தும் எனக்கு அதைக் கேட்கப் பொறாமையாக இருக்கும்.

பாண்டிச்செல்வி ஓயாமல் கேள்வி கேட்டு உயிரை வாங்கும் பிள்ளை. பேரியம் உப்பு சுடரில் பச்சையாகவும் கால்சியம் சிவப்பாகவும் எரிவதைப் பார்த்ததும், "ரெண்டையும் சேத்துக் காட்டுனா டீச்சர்?" என்றாள். கம்பி நுனியில் ஒட்டுமளவு எடுத்துக் கொடுத்தார் டீச்சர். அன்று முழுக்க வீட்டிலும் அந்த நிறத்தைப் பற்றியே பேசித் திரிந்தாள்.

அந்த வாரமே விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. பாண்டிச்செல்வியின் சித்தப்பா போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு அவள் அம்மா வள்ளித்தாய் பள்ளிக்கு வந்தாள். அவளுக்கும் பட்டாசு வேலைதான்.

"கலக்கப் போயித்தான டீச்சர் எங்க கொழுந்தனாரு கரிக்கட்டையா வந்தாரு? அந்தச் சோலி இவளுக்கு வேணாம்னுதான் படிக்க அனுப்புறேன். இங்கனயும் கலக்கவா சொல்லிக் குடுக்கீக?"

டீச்சர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சாவு விழுந்த வீட்டாரிடம் கம்பி நுனிக் கணக்கா சொல்வது? தலைமையாசிரியர் பர்னர்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார். தேர்வன்று எடுத்தால் போதுமாம். அதன் பிறகு டீச்சரும் விடைகளைச் சொல்லி எழுதவைத்தார். முதல் நாள் பாதியிலேயே நிறுத்திவிட்டார். பிறகு பழகிவிட்டது. பாண்டிச்செல்விக்குத் தேர்வில் வரப்போவது பேரியம், நிறம் பச்சை என்று அவரே சொல்லிக் கொடுத்தார்.

தேர்வில் ஆய்வக உதவியாளர் ஒரு பாட்டிலை மாற்றி நிரப்பிவிட்டார். பேரியம் என்று ஒட்டியிருந்ததில் இருந்தது கால்சியம். எல்லாம் முடிந்தபின் அதைக் கண்டுபிடித்த டீச்சர், பதறிப்போய்ப் பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டார்.

"தீ என்ன நிறமா எரிஞ்சது?"

"செவப்பு டீச்சர்."

"பெறகு என்ன எழுதுன?"

"பச்சைன்னு. நீங்க அப்படித்தான சொன்னீக."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஏன் சிவப்பாக எரிந்தது என்று கேட்பாளென்று டீச்சர் காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரும் தீயைப் பார்க்கவில்லை. செய்முறையில் முழு மார்க்.

ரிசல்ட் வந்த அன்று வள்ளித்தாய் காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் டீச்சர் நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீக."